நெஜ்தானா என்றொரு பெயர்

நல்லெண்ணெயில் போட்ட மிளகு படபடவென்று பொரிந்து அடங்கியதும் நெஜ்தானா அடுப்பை அணைத்தாள். அணைத்த பிறகும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். எண்ணெய் ஆறட்டும் என்பது ஒரு சாக்கு. நேற்று சாயங்காலம் ஓசூரிலிருந்து மகள் ஆதிரை போனில் சொன்னது இன்னும் காதைவிட்டு இறங்கவில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தவள், தேடுகிற வாக்கில் அம்மாவின் பெயரையும் நெட்டில் தட்டிப் பார்த்திருக்கிறாள். "வெளிச்சம்னு சொல்லிட்டுத் திரிஞ்சியேம்மா, வெளிச்சமும் இல்ல ஒண்ணும் இல்ல. எதிர்பாராம வந்தவளாம். ரொம்பப் பழைய பேராம், ரஷ்யாவுலயே இப்ப அபூர்வமாம்" என்று சிரித்தாள், நிறைமாதத்தை நெருங்குகிற வயிற்றோடு சிரித்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஜ்தாத் என்றால் காத்திருப்பது. முன்னால் ஒரு 'நெ' போட்டால் காத்திராதது. சர்ச்சுப் பெயர்கள் வருவதற்கு முந்தைய காலத்தில் ஸ்லாவிய ஜனங்கள் வைத்த பெயர். வயது போன காலத்தில் பிறந்த பிள்ளைக்கும், போதும் என்று இருந்தபோது வந்து சேர்ந்த பிள்ளைக்கும் வைப்பார்களாம். யாருக்கும் வேண்டாத பிள்ளை போலிருக்கிறது என்று கெட்ட ஆவிகள் ஏமாந்து விட்டுப் போகட்டும் என்றும் வைப்பார்களாம். அந்த 'நெ' இல்லாமலும் ஒரு பெயர் உண்டு, ஜ்தானா, காத்திருந்து பெற்ற பெண். ஆதிரை இதையெல்லாம் கதைபோலச் சொல்லிவிட்டு, மாத்திரை போடும் நேரம் என்று வைத்துவிட்டாள். இவளுக்கோ அந்த 'நெ' தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது. சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்காத முள். ஒரே ஒரு எழுத்து. அதை எடுத்துவிட்டால் காத்திருந்து பெற்ற பெண், இருந்தால் காத்திராமல் வந்தவள், ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அதை எடுப்பதாவது இருப்பதாவது, ஆனாலும்.

"நெஜா, எண்ண காஞ்சிதா, நீ காஞ்சியா?" என்று குளியலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அஞ்சலாட்சிக்கு எண்பத்து நாலு. இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து தானாகத் தலைக்கு ஊற்றிக்கொள்ள முடிவதில்லை, வெள்ளிக்கிழமை மகள் லீவு போட்டுக் குளிப்பாட்டுவது என்று ஆகிப்போனது. பிளாஸ்டிக் முக்காலியில் பழைய உள்பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, சுவரில் பதித்த கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்ததும் அந்தத் தலை கையோடு ஆடியது. எவ்வளவு சின்னத் தலை. மயிர் உதிர்ந்து இளஞ்சிவப்பாக மண்டை தெரிந்தது, பிறந்த பிள்ளையின் தலை மாதிரி. பிறந்த பிள்ளை என்றதும் மறுபடியும் அங்கேயே வந்து நின்றது மனசு. இந்த மண்டைக்குள்தான் இருக்கிறது எல்லாம், அவள் பிறந்த அன்றைக்கு யார் முகம் எப்படி இருந்தது, யார் என்ன சொன்னது, எல்லாம் இந்த எண்ணெய்க்கு அடியில், விரலுக்கு அடியில். தேய்த்தாள். மூன்று அக்காக்களுக்கும் அப்பா நல்ல தமிழில் செம்மலர், பொற்கொடி, வான்மதி என்று வைத்தார். நாலாவதாக வந்தவளுக்கு மட்டும் ஏன் கடல்தாண்டிப் போனார்? நெய்வேலியில் அனல்மின் நிலையம் எழும்பிய காலத்தில் அங்கே வந்திருந்த சோவியத் எஞ்சினியர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். கலியபெருமாள் என்ற பெயரை வைத்துக்கொண்டு சாமி இல்லை என்று மேடையில் பேசுவார். ரஷ்யன் பேசும்போது மட்டும் அவர் குரல் ஒரு படி கீழே இறங்கும், நெஞ்சுக்குள்ளிருந்து வரும். அந்தக் குரலில்தான் அவர் இவளைக் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "பேரென்ன?" என்பார், "நெஜ்தானா சார்" என்பாள், "நெஜந்தானான்னு நீ என்னக் கேக்கறியா, நான் உன்னக் கேக்கறதா?" என்பார், வகுப்பு மொத்தமும் சிரிக்கும். ரேஷன் கடையில் சிரித்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா சிரித்தார். சிரிப்புக்குப் பதில் சொல்ல ஏதாவது வேண்டுமே என்றுதான் பள்ளிக்கூட நாளிலேயே அர்த்தம் கேட்டாள். "நல்ல அர்த்தம்தான் கண்ணு, பெரியவளாயி ரஷ்யன் படிச்சி நீயே தெரிஞ்சிக்க" என்றார் அப்பா. அப்படியானால் வெளிச்சம் என்று சொன்னது யார்? நேற்று இரவு படுத்துக்கொண்டு யோசித்ததில் பிடிபட்டது: அது அவளே சொன்னது. ஏழாம் வகுப்பில், பக்கத்து பெஞ்சுக்காரியிடம், வாயில் வந்ததைச் சொன்னாள். சொல்லிச் சொல்லி, பிறகு அப்பா சொன்னதாகவே ஆகிவிட்டது. தான் கட்டிய பொய்க்குள் தானே குடியிருந்திருக்கிறாள், வாடகை கூட இல்லாமல்.

அந்தப் பக்கத்து பெஞ்சுக்காரியின் பெயர் போதும்பொண்ணு. ஐந்தாவது பெண், ஆகவே போதும்பொண்ணு, அவ்வளவுதான் கணக்கு. ஆஜர் எடுக்கும்போது அவள் "உள்ளேன் ஐயா" என்று சொல்லவே மாட்டாள், கையை மட்டும் பாதி தூக்குவாள், அந்தக் கை தோளுக்கு மேல் போனதே இல்லை. இந்தப் பெயரைப் பற்றி அப்பா மேடையில் பேசியிருக்கிறார். பெற்ற பிள்ளையின் நெற்றியில் வேண்டாம் என்று எழுதி ஊருக்குள் அனுப்புகிற சமூகம் உருப்படுமா என்று கேட்டார், மைக் கூவியது, கைதட்டல், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த இவளும் தட்டினாள், உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். அப்பா, நீயுமா? தமிழில் வைத்தால் அசிங்கம், ரஷ்யனில் வைத்தால் புரட்சியா? யாருக்கும் புரியாத மொழியில் என் நெற்றியிலும் அதையேதான் எழுதினாயா? ஒன்றுமில்லாத ஒரு பெயருக்காகச் செத்துப்போன மனிதரை இப்படிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை என்று உடனே இன்னொரு குரல் எழுந்தது. எதிர்பாராதது வேறு, வேண்டாதது வேறு. கோடைமழை எதிர்பாராமல்தான் வருகிறது, யாரும் அதை வேண்டாம் என்பதில்லை. சரி, மழை. ஆனால் நாலாவது பெண் மழை இல்லையே. இப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்ததில் விரல் அழுந்திவிட்டது போல. "மண்டையப் பேத்துடாதடி" என்றாள் அம்மா.

சீயக்காயைக் கரைத்துத் தலையில் வைத்துக்கொண்டே, முகம் தெரியாத அந்தத் தைரியத்தில், அம்மாவின் பின்மண்டையைப் பார்த்துக் கேட்டாள். "அம்மா, எம் பேருக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியுமா?" அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "தெரியாம என்ன? எதிர்பாக்காம வந்தவ." கிழமை கேட்டால் வெள்ளி என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நெஜ்தானாவின் கை நின்றுவிட்டது. "தெரியுமா? இத்தன வருசமா தெரியுமா? ஏன் சொல்லல?" "நீ கேக்கல." "அப்பாகிட்டக் கேட்டனே." "அவருகிட்டக் கேட்ட. எங்கிட்டயா கேட்ட? சின்னப் புள்ளைக்கு இப்ப என்னாத்துக்குன்னு நான்தான் அவர சொல்ல வேணாம்னன். ஏன், யாரு சொன்னா?" "ஆதிரை." "அவ கெட்டிக்காரி" என்றாள் அம்மா, அதில் ஒரு சந்தோஷம் கூட இருந்தது. பிறகு, தண்ணீர் வழிகிற சத்தத்துக்கு நடுவே, யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் கதையைச் சொல்வதுபோல, சொல்ல ஆரம்பித்தாள். "உங்கப்பா ஆபரேசன் பண்ணிக்கினாரு, தெரியுமா ஒனக்கு? வான்மதி பொறந்தப்பறம். பக்கத்து ஊர்ல காம்ப்பு போட்டாங்க. ஆம்பளைங்க எல்லாம் ஓடி ஒளிஞ்சானுங்க, இவரு முன்னாடி போயி நின்னாரு. ஊருக்குச் சொன்னா போதுமா, நாமளும் செய்ய வேணாமான்னாரு. வந்து ரெண்டு நாள் படுத்துக் கெடந்தாரு, அவ்ளோதான். அப்பறம் பாத்தா எனக்கு நாள் தள்ளிப் போச்சி."

நாள் தள்ளிப் போச்சி. நெஜ்தானா பிளாஸ்டிக் குவளையை வாளிக்குள் அழுத்தினாள், குமிழ்கள் வந்தன, குவளை நிறைந்த பிறகும் அழுத்திக்கொண்டிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருடங்களுக்கு மேலாக உட்கார்ந்திருப்பவள் அவள். அந்த ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வருகிற ஆண்களிடம், அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, ஆணுறைப் பாக்கெட்டுகளைத் தள்ளிவிட்டு அவளே சொல்லியிருக்கிறாள்: மூணு மாசத்துக்கு ஜாக்கிரதையா இருக்கணும், உடனே பலிக்காது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அந்த முகாமில் யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை, அல்லது சொன்னது கூட்டத்தில் கேட்கவில்லை, அல்லது. அந்த அல்லதுவில் மனசு வழுக்கியது. காம்ப் எப்போது நடந்தது, அவள் பிறந்தது ஐப்பசி மழையில், அப்படியென்றால், என்று விரல்கள் சீயக்காய் நுரைக்குள்ளேயே மாதங்களை எண்ணத் தொடங்கின. "காம்ப்பு எந்த மாசம்மா?" "எந்த மாசமோ, யாருக்குத் தெரியும், வெயிலடிச்சிது." வெயில் எந்த மாதத்தில்தான் அடிக்கவில்லை. இப்படி எண்ணினால் சரியாக வருகிறது, அப்படி எண்ணினால் வரவில்லை. சீ, என்று விரலை உதறினாள். அவளுடைய கண், அது நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று நினைப்பதற்குள் வந்துவிட்டது. அக்காக்கள் மூன்று பேருக்கும் கறுகறுவென்று அப்பாவின் கண், இவளுக்கு மட்டும் தேன் நிறத்தில், பூனைக்கண்ணி என்று குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஓட்டுவார்கள். அம்மாவழியில் யாருக்கோ இருந்ததாம், அப்படித்தான் சொல்வார்கள். யாருக்கோ என்றால் யாருக்கு? ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குச் சாப்பிட வருகிற வீக்தர் என்கிற எஞ்சினியர், மீன் குழம்பின் காரத்தில் காது சிவந்து கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் இன்னும் என்று கேட்பாராம், அதை ஒரு வேடிக்கைக் கதையாக அக்காக்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள். இவளும் சிரித்திருக்கிறாள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு இவள் குடம் நிறைகிறவரை சும்மா இருப்பார்களே, அது இதற்குத்தானா? நெஜந்தானா, நெஜந்தானா என்று எல்லோரும் இளித்தது பெயரைப் பார்த்து இல்லையா? குளியலறை முழுக்க ஆவி. கண்ணாடியில் முகம் தெரியவில்லை, நல்லவேளை.

"ஊரு சும்மா இருக்குமா?" அம்மா சொல்லிக்கொண்டே போனாள். "அவன்னாங்க, இவன்னாங்க. பால்காரன வுடல, வெள்ளக்காரன வுடல. அவரு வேல செய்யற எடத்துலயே கேட்டிருக்கானுங்க, என்ன கலியபெருமாளு, அறுத்தும் மொளைக்குதான்னு. உன்னத் தூக்கினு ஆஸ்பத்திரிலேருந்து வந்த ஏழாம் நாளு, குவார்ட்டர்ஸ் ஜனம் அத்தனையும் கூப்பிட்டாரு. எஞ்சினியருங்க பொண்டாட்டியோட வந்தாங்க. ஜிலேபி வாங்கியாந்தாரு, ரெண்டு கூடை. உன்ன கையில வெச்சிக்கினு நடுவுல நின்னு, எம் பொண்ணு பேரு நெஜ்தானா, அப்படின்னா எதிர்பாக்காம வந்தவ, நாங்க எதிர்பாக்கல, வந்துட்டா, எல்லாரும் இனிப்பு எடுத்துக்குங்கன்னாரு. மூச்சு வுடல ஒருத்தனும். அன்னிக்கி அடைச்ச வாயிதான். எந்த வார்த்தைய வெச்சி என்னக் குத்தலாம்னு பாத்தாங்களோ அதையே எடுத்து உனக்குப் பேரா வெச்சிட்டாரு."

நெஜ்தானா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஈரச் சுவர் முதுகில் ஜில்லென்று பட்டது. ஆக, குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவளைத் தவிர. நேற்று இரவெல்லாம் கூண்டில் நிறுத்தி வைத்திருந்த மனிதர் அங்கிருந்து இறங்கி, கைக்குழந்தையோடு, இரண்டு கூடை ஜிலேபிக்கு நடுவே நிற்கிறார். மெலிந்த ஆள், சட்டைக் காலர் எப்போதும் பெரிதாக இருக்கும், அந்தக் கழுத்து அன்றைக்கு எப்படி நிமிர்ந்திருக்கும். போதும்பொண்ணின் அப்பன் வைத்ததும் இவர் வைத்ததும் ஒன்றில்லை. ஒன்றே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, வந்த அழுகை பாதியில் நின்றது, ஏனென்றால் அந்த இன்னொன்று போகவில்லை. ஜிலேபிக்கு அடியில், பெயருக்கு அடியில் அது அப்படியே கிடந்தது. அவருக்குத் தெரியுமா? நம்பினாரா, அல்லது நம்பாமலேயே அப்படி நின்றாரா? நம்பாமல் நின்றிருந்தால் அது இன்னும் பெரிய மனசா, அல்லது இன்னும் பெரிய பொய்யா? அவள் காய்ச்சலில் கிடந்தபோது ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்ட அந்தக் கை, எதை நினைத்துக்கொண்டு போட்டது? "அப்பா உன்ன ஒண்ணும் கேக்கலியா?" குரல் தன்னுடையதாகவே இல்லை. "ஒரு வார்த்த கேக்கல" என்றாள் அம்மா. "அன்னிக்கும் கேக்கல, சாவற வரைக்கும் கேக்கல."

ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டாள் நெஜ்தானா, வழுக்குகிற தரையில் கம்பியைப் பிடித்துக்கொள்வது மாதிரி. அவர் கேட்கவில்லை. ஆகவே நானும் கேட்கமாட்டேன். எண்பத்து நாலு வயதுக் கிழவியை உள்பாவாடையோடு உட்கார வைத்து, தலையில் நுரையோடு, இதைக் கேட்கிற பிறவியா நான். கேட்காமல் இருப்பதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை, ரத்தமோ இல்லையோ, இந்தக் கேட்காமல் இருக்கிற புத்தி அவரிடமிருந்து வந்தது, அது போதும் எனக்கு. நினைக்க நினைக்க நெஞ்சு ஒரு பெருமையில் விரிந்தது. அவர் பக்கத்தில், அந்தப் பெரிய காலர் சட்டைக்குப் பக்கத்தில், தானும் நிமிர்ந்து நிற்பதுபோல் இருந்தது. ஒரு குவளை மொண்டு, சூடு பார்த்து, "கண்ண மூடிக்கம்மா" என்று ஊற்றினாள். "எவ்ளோ பெரிய மனுசன் இல்லம்மா அப்பா" என்றாள்.

அம்மா தண்ணீர் முகத்தில் வழிந்து முடிகிறவரை வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். பிறகு கையால் முகத்தை வழித்து எறிந்தாள். "ஆமா, பெரிய மனுசன்" என்றாள். "ஊரே சொல்லிச்சி. எங்கம்மா சொன்னா, புருசன் கால்ல வுழுந்து கும்புடுடி, வேற எவனாவதா இருந்தா வெட்டிப் போட்டிருப்பான்னு. என்னாத்துக்கு வுழணும் நானு? நான் என்னா தப்பு பண்ணன்?" குரல் ஏறியது. கம்பியைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்தது. "கேப்பாரு, கேப்பாருன்னு பாத்தன் நெஜா. இன்னிக்கிக் கேப்பாரு, நாளைக்கிக் கேப்பாரு. சண்டைல கேப்பாரு, குடிச்சிட்டாவது கேப்பாருன்னு பாத்தா, அந்த மனுசன் குடிக்கவும் இல்ல. கேட்டிருந்தா, யோவ், உம் புள்ளதான்யான்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லியிருப்பன். ஒருதரம் சொன்னா போதும், எனக்கு நெஞ்சு ஆறியிருக்கும். சொல்ல வுடவே இல்ல. நானா போயி எப்படிச் சொல்லுவன்? கேக்காத மனுசங்கிட்ட போயி சொன்னா குத்தமுள்ள நெஞ்சுன்னு ஆவாதா? பெருந்தன்மையா மன்னிச்சி மன்னிச்சியே என்னக் கொன்னாரு. பண்ணாத தப்புக்கு நாப்பது வருசம் மன்னிப்பு வாங்கித் தின்னன்டி நானு."

குழாயிலிருந்து ஒரு சொட்டு வாளியில் விழுந்தது, இன்னொன்று விழுந்தது. நெஜ்தானாவுக்கு முன்னால் இருந்தது ஒரு முதுகு. முதுகெலும்பு முடிச்சு முடிச்சாக, தோல் தளர்ந்து, எண்ணெய்ப் பிசுக்கும் நுரையுமாக. இத்தனை நேரம் இந்த முதுகைத் தேய்த்துக்கொண்டே அவள் அப்பாவோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா வைத்த பெயர், அப்பா நின்ற நிலை, அப்பாவின் சந்தேகம், அப்பாவின் மனசு. நடுக்கூடத்தில் ஜிலேபிக்குப் பக்கத்தில் அவர் பேசி முடித்தபோது, உள்ளறையில், பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு, பாயில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளை ஒரு நிமிடம் கூட நினைக்கவில்லை. எதிர்பார்க்கவில்லை, வந்துவிட்டாள். எனக்குப் பிறந்தவள் என்று அவர் சொல்லவில்லை, என் பெண் என்று மட்டும் சொன்னார். அந்த இடைவெளியில் அம்மாவை உட்கார வைத்துவிட்டார். இப்போது தானும் அதே பெருமையோடு, அதே வாயை மூடிக்கொண்டு, இன்னொரு முறை இவளை அங்கேயே உட்கார வைக்கப் பார்த்தேனே. அம்மா உடம்பு லேசாக நடுங்கிற்று. குளிரோ என்னவோ. கேட்க வேண்டும். கேட்பது எவ்வளவு கேவலம் என்று தோன்றியதோ அவ்வளவும் இன்னும் அப்படியே இருந்தது. ஒருவேளை, என்று ஒரு பயம் கடைசியாக ஒருமுறை தலைநீட்டியது. நீட்டட்டும் என்று விட்டாள். முக்காலிக்கு முன்னால் வந்து, ஈரத் தரையில், புடவை நனைய உட்கார்ந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், "நான் யாரு புள்ள?"

அஞ்சலாட்சி அவளை உற்றுப் பார்த்தாள். இமை மயிரில் சீயக்காய்த் தூள் ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள், சரியாகக் காதில் விழுந்ததா என்று பார்ப்பவள் மாதிரி. பிறகு முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடுப்பு வலித்திருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள், கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"கலியபெருமாளு புள்ள" என்றாள். வீதிக்குக் கேட்கிற குரலில் சொன்னாள். "கலியபெருமாளுக்கும் அஞ்சலாட்சிக்கும் பொறந்தவ. வேற எவனும் என்னத் தொட்டதில்ல."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் மூச்சு விட்டாள், படியேறி வந்தவள் போல. கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவில்லை. நெஜ்தானா எழுந்து வாளியைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது. அடுப்பில் இன்னொரு குண்டான் வெந்நீர் வைத்தாள், அது கொதிக்கிறவரைக்கும் அம்மாவின் முதுகில் துண்டைப் போர்த்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.